சின்னச் சொற்களின் பெரிய வேலை

நமது மாணவியரின் ஆங்கிலக் கொப்பிகளைப் புரட்டினால் கடைசிப் பக்கங்களில் ஒரு சொற்பட்டியல் இருக்கும். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே அதன் தமிழ்க் கருத்து. "என்வயர்ன்மென்ட்" என்றால் சூழல், "ரெஸ்பொன்ஸிபிலிட்டி" என்றால் பொறுப்பு என்று நீண்ட சொற்களாகவே வரிசை போகும். ஏ, த, மை, எனி போன்ற சொற்கள் அதில் இரா. கேன், மே, ஷுட், மஸ்ட் இரா. இன், ஒன், எட், பை ஆகியனவும் இரா. இவற்றைத் தெரியாதவர் யார் என்பது நம் எண்ணம்.

ஆங்கிலத்தில் நாம் அதிகம் இடறுவது இந்தச் சின்னச் சொற்களில்தான் என்பது என் கருத்து. பெரிய சொல் தெரியாவிட்டால் அகராதியைப் பார்ப்போம், ஆசிரியையிடம் கேட்போம். சின்னச் சொல்லைத் தெரிந்ததாகவே நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பயன்படும் சொல் "த" என்பதே. முதல் பத்துச் சொற்களுக்குள் "டு", "ஒஃப்", "ஏ", "இன்" ஆகியவையும் இருக்கின்றன. வரிக்கு வரி வந்து நிற்கும் சொற்களை விளங்காமல் எத்தனை பெரிய சொற்களை மனனம் செய்து என்ன பயன்?

இந்தச் சொற்களை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஏ, த, மை, திஸ், எனி போன்றவை பெயருக்கு முன்னால் நின்று, எந்தப் பொருள், யாருடையது, எத்தனை என்று வரையறுப்பவை. கேன், மே, மஸ்ட் போன்ற ஒன்பது துணைவினைகள், ஒரு செயல் கட்டாயமா, அனுமதியா, இயலுமா என்று சொல்பவை. இன், ஒன், எட், டு, பை போன்ற முன்னிடைச்சொற்கள் இடத்தையும் காலத்தையும் திசையையும் காட்டுபவை. பாடப்புத்தகத்தில் இவை மூன்றும் வேறு வேறு அலகுகளில் வருகின்றன. ஒன்றைப் படித்து, பயிற்சி செய்து, மறந்த பிறகு அடுத்தது வருகிறது. அன்றாட வாக்கியத்திலோ மூன்றும் ஒன்றாகவே வந்து, ஒன்றின் கையை மற்றது பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும். அதுவும் நம் தமிழை அருகில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

வீட்டில் சாதாரணமாகப் பேசும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "நாளைக்கு உம்மாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்." இதை ஆங்கிலத்தில் சொன்னால், "ஐ மஸ்ட் கோ டு த ஹொஸ்பிட்டல் வித் மை மதர் டுமொரோ" என்று வரும். தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள். "போக வேண்டும்" என்பது திரும்பி "மஸ்ட் கோ" ஆகிறது. "ஆஸ்பத்திரிக்கு" என்பதில் பின்னால் ஒட்டிய "கு" முன்னால் வந்து "டு" ஆகிறது. "உம்மாவுடன்" என்பதன் "உடன்" முன்னால் வந்து "வித்" ஆகிறது. கண்ணாடியில் பார்ப்பது போல ஒழுங்கு தலைகீழாகிறது, பொருள் ஒன்றே.

ஆனால் அந்தக் கண்ணாடியில் தெரியாத மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. "ஐ", "த", "மை" ஆகியவை. தமிழில் யார் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை; எந்த ஆஸ்பத்திரி, யாருடைய உம்மா என்றும் சொல்லவில்லை. கேட்பவர் தாமாகவே விளங்கிக்கொள்வார். ஆங்கிலம் அப்படி விடாது. "டு" என்ற சொல்லுக்கும் "ஹொஸ்பிட்டல்" என்ற சொல்லுக்கும் இடையில் ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறது. அதில் யாரை உட்கார வைப்பது, அல்லது வெறுமையாக விடுவதா என்று பேசுபவர் முடிவு செய்தாக வேண்டும். நம் பிள்ளைகள் விடும் பிழைகளில் பெரும்பங்கு இந்த இருக்கையைச் சுற்றியே நடக்கிறது.

அந்த இருக்கையை வெறுமையாக விடுவதற்கும் பொருள் உண்டு. பிரித்தானிய வழக்கில் "ஷீ இஸ் இன் ஹொஸ்பிட்டல்" என்றால் அவர் நோயாளியாகப் படுத்திருக்கிறார். "இன் த ஹொஸ்பிட்டல்" என்றால் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார். நோயாளியைப் பார்க்கப் போனவராகவும் இருக்கலாம், அங்கு வேலை செய்பவராகவும் இருக்கலாம். மகள் படிக்கப் போவது "டு ஸ்கூல்". பெற்றோர் கூட்டத்துக்கு உம்மா போவது "டு த ஸ்கூல்". ஒரே வாசல்தான், போகும் காரியம் வேறு.

"த" என்ற சொல் தமிழில் இல்லையே, பிறகு எப்படி விளங்குவது என்று கேட்கலாம். சொல் இல்லை, அதன் வேலை இருக்கிறது. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் முன்பு பேசிக்கொண்ட அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபான "ஐ" இங்கே ஏறத்தாழ "த" செய்யும் வேலையையே செய்கிறது. குர்ஆன் ஓதும் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அரபியில் "கிதாப்" என்பதன் முன்னால் "அல்" ஒட்டி "அல்கிதாப்" ஆகும்போது அது குறிப்பிட்ட புத்தகமாகிறது. சிங்களத்திலோ "பொத" என்றால் குறிப்பிட்ட புத்தகம். கடைசியில் ஓர் ஒலி கூடி "பொதக்" ஆனால் ஏதோ ஒரு புத்தகம். அரபி முன்னால் ஒட்டுகிறது, சிங்களம் பின்னால் ஒட்டுகிறது, ஆங்கிலம் தனிச் சொல்லாக நிறுத்துகிறது. நான்கு மொழிகள் காதில் விழும் ஊரில் வளரும் பிள்ளைக்கு "ஏ", "த" வித்தியாசம் புதிய விடயம் அல்ல. அதை எடுத்துக் காட்டுவதற்கு ஆள்தான் தேவை.

அந்த இருக்கையில் ஒருவருக்குத்தான் இடம் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். தமிழில் "என் ஒரு தோழி", "அந்த என்னுடைய கொப்பி" என்றெல்லாம் பேசுகிறோம். ஆங்கிலத்தில் "மை" உட்கார்ந்த இடத்தில் "ஏ" உட்கார முடியாது, "த"வும் முடியாது. அதனால்தான் "ஏ ஃப்ரெண்ட் ஒஃப் மைன்" என்று சுற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "மை வன் ஃப்ரெண்ட்" என்று சொல்லிவிட்டால், கேட்பவர் இந்தப் பிள்ளைக்கு இருப்பதே ஒரு தோழிதான் போலும் என்று நினைத்துக்கொள்வார்.

இனித் துணைவினைகளுக்கு வருவோம். இங்கே பிழை விட்டால் பொருள் தலைகீழாகும். பரீட்சை மண்டபத்துக்குள் கைத்தொலைபேசி கொண்டுவருவதைப் பற்றி "மஸ்ட் நொட்" என்று அறிவித்தல் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் மாற்றும் பிள்ளை, "மஸ்ட்" என்றால் வேண்டும், "நொட்" என்றால் இல்லை, ஆகவே "கொண்டுவர வேண்டியதில்லை" என்று விளங்கிக்கொள்கிறாள். அறிவித்தல் சொல்வதோ "கொண்டுவரக் கூடாது" என்று. வேண்டியதில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் "நீட் நொட்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. தேவையில்லை என்பதற்கும் கூடாது என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது தமிழில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அதே தூரம்தான்.

இஸ்லாம் பாடத்தில் பர்ளு, ஸுன்னத்து, முபாஹ், மக்ரூஹ், ஹராம் என்று படிக்கிறோம். கட்டாயமானது, விரும்பத்தக்கது, ஆகுமானது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டது என ஒரு செயலின் தரத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. மஸ்ட், ஷுட், மே, ஷுட் நொட், மஸ்ட் நொட் என்று வரிசைப்படுத்தினால் இங்கும் ஐந்து படிகள். மார்க்கச் சட்டம் வேறு, மொழி இலக்கணம் வேறு. ஆனால் கட்டாயத்துக்கும் ஆலோசனைக்கும் அனுமதிக்கும் உள்ள இடைவெளியைக் காணும் கண் ஒன்றுதான். அந்தக் கண் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சிக்கல் வருவது நமது "வேண்டும்" என்ற சொல்லால். வேண்டுதல் என்றால் கேட்டு நிற்பதும் ஆகும். ஆகவே அதிபருக்கு எழுதும் கடிதத்தில் "இரண்டு நாள் விடுமுறை தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்" என்றால் அது பணிவான விண்ணப்பம். அதையே "யூ மஸ்ட் கிவ் மீ டூ டேய்ஸ் லீவ்" என்று மாற்றினால் விண்ணப்பம் கட்டளையாகிவிடுகிறது. "மஸ்ட்" என்பதற்குள் வேண்டுதல் இல்லை. எழுதிய பிள்ளை மரியாதை தெரியாதவள் அல்ல. தமிழில் அவள் வைத்த மரியாதை ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டது. அதே "மஸ்ட்" விருந்துக்கு அழைக்கும்போது உபசாரமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். "யூ மஸ்ட் கம்" என்றால் நாம் "கட்டாயம் வரணும்" என்று அன்போடு வற்புறுத்துவது போல. நன்மை யாருக்கு என்பதைப் பொறுத்து அதே சொல் இனிக்கிறது, கசக்கிறது.

மரியாதை எங்கே வைக்கப்படுகிறது என்பது மிக முக்கியமான விடயம். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு இருக்கின்றன. "தா" என்பதும் "தாருங்கள்" என்பதும் வேறு. ஆங்கிலத்தில் சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே "யூ". அப்படியானால் ஆங்கிலேயர் மரியாதையை எங்கே வைக்கிறார்கள்? பெரும்பாலும் துணைவினையில் வைக்கிறார்கள். "கிவ் மீ ஏ ஃபோம்" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டால் அது "ஒரு ஃபோம் தா" என்பது போல் ஒலிக்கும். "குட் யூ கிவ் மீ ஏ ஃபோம், ப்ளீஸ்" என்றோ "மே ஐ ஹேவ் ஏ ஃபோம், ப்ளீஸ்" என்றோ கேட்டால்தான் நம் "தாருங்கள்" அங்கே வருகிறது. துணைவினையை விட்டுவிடும் பிள்ளை, தன்னை அறியாமலே பெரியவர்களை "நீ" போட்டுப் பேசுகிறாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முன்னிடைச்சொற்களில் நம்மைக் குழப்புவது "இல்" என்ற உருபு. கொழும்பில், மேசையில், வாசலில் என்று மூன்று இடத்திலும் நமக்கு ஒரே "இல்" போதும். ஆங்கிலம் பார்க்கும் விதம் வேறு. கொழும்பு நம்மைச் சுற்றியிருக்கும் பரப்பு, ஆகவே "இன்". மேசை நாம் தொடும் மேற்பரப்பு, ஆகவே "ஒன்". வாசல் ஒரு புள்ளி, ஆகவே "எட்". காலத்திலும் இதே போக்கைக் காணலாம். மாதமும் வருடமும் பெரிய பரப்பு, "இன்". நாள் "ஒன்". மணி ஒரு புள்ளி, "எட்". வழக்கத்தால் நிலைத்துப்போனவையும் உண்டு. "வெறும் வயிற்றில்" என்று நாம் சொல்வதை அவர்கள் "ஒன் அன் எம்ப்டி ஸ்டொமக்" என்கிறார்கள். அதை அப்படியே முழுத் தொடராகப் படிக்க வேண்டும். "இல்" என்பதை மட்டும் பிடுங்கி எடுத்து மொழிபெயர்த்தால் அந்த "ஒன்" வராது.

மூன்று குடும்பங்களும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை ஓர் அறிவித்தலில் பார்க்கலாம். "யூ மஸ்ட் ஹேண்ட் இன் த ஃபோம் பை ஃப்ரைடே." படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். இதையே "யூ மே ஹேண்ட் இன் த ஃபோம் அன்டில் ஃப்ரைடே" என்றும் சொல்லலாம். வெள்ளிக்கிழமை வரை ஒப்படைக்கலாம். கட்டாயத்தோடு காலக்கெடு வரும்போது "பை" வந்தது. அனுமதியோடு தவணை வரும்போது "அன்டில்" வந்தது. தமிழிலும் "வேண்டும்" என்றதும் "உள்" என்பதும், "லாம்" என்றதும் "வரை" என்பதும் நம் வாயில் தாமாகவே வந்ததைக் கவனியுங்கள். முன்னிடைச்சொல்லை மட்டும் தனியாகப் படித்தால் இந்தச் சேர்க்கை கண்ணில் படாது. "த ஃபோம்" என்பதை "ஏ ஃபோம்" என்று மாற்றினால், அவர்கள் தந்த படிவமா, ஏதோ ஒரு படிவமா என்ற கேள்வி எழும்.

ஆகவே எந்த ஆங்கில வாக்கியத்தையும் எதிர்கொள்ளும்போது மூன்று கேள்விகள் கேட்கும் பழக்கம் வர வேண்டும். எது, யாருடையது? எந்த அளவுக்குக் கட்டாயம்? எங்கே, எப்போது? மருந்துப் பெட்டியில் உள்ள வரியானாலும், வங்கிப் படிவமானாலும், வினாத்தாளில் உள்ள அறிவுறுத்தலானாலும் இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் வாக்கியம் நம் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

"கருத்து விளங்கினால் போதாதா? கடைக்காரருக்கும் பஸ் நடத்துநருக்கும் நாம் சொல்வது விளங்குகிறதே" என்று சிலர் கேட்பார்கள். கடையிலும் பஸ்ஸிலும் போதும்தான். கையும் முகமும் அங்கே உதவிக்கு வரும். எழுத்தில் அந்த உதவி கிடையாது. மருந்தைப் பற்றி "மே கோஸ் ட்ரௌஸினஸ்" என்று எழுதியிருந்தால் தூக்கக் கலக்கம் வரலாம் என்று பொருள். நமது "லாம்" போலவே "மே" என்பதும் அனுமதிக்கும் வரும், சாத்தியத்துக்கும் வரும். வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒருவரின் ஒப்பந்தத்தில், தொழில் தருநர் உணவு வழங்குவது பற்றி "ஷெல் ப்ரொவைட்" என்று இருந்தால் அது அவர் கடமை. "மே ப்ரொவைட்" என்று இருந்தால் அவர் விருப்பம். நம் வாப்பாமாரும் நானாமாரும் கையொப்பமிடும் தாள்களில் இருக்கும் வித்தியாசம் இது. அந்தத் தாளை வாசித்துச் சொல்லக்கூடிய பிள்ளை வீட்டில் இருந்தால் அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்ப்பது. பாலத்துக்கு இரு கரை வேண்டும். தமிழ்க் கரை உறுதியாக இல்லாவிட்டால் ஆங்கிலப் பாலம் எதன் மேல் நிற்கும்? "தமிழைக் குறைத்தால் ஆங்கிலம் வரும்" என்று நினைக்கும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும். தமிழ் இலக்கணத்தில் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பிரிக்கிறோம். இடைச்சொல் தனித்து நின்று பொருள் தராது. பெயரோடும் வினையோடும் சேர்ந்தே பொருள் தரும் என்று படிக்கிறோம். எட்டு வேற்றுமைகளைப் படிக்கிறோம். பரீட்சைக்காக மட்டும் அவற்றைப் படித்து மூடிவைக்கிறோம். வேற்றுமை உருபு விளங்கிய பிள்ளைக்கு முன்னிடைச்சொல் பாதி விளங்கிவிட்டது என்பதே உண்மை.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலோடு வாக்கியப் பட்டியலும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு வீட்டில் பேசிய ஒரு தமிழ் வாக்கியம் போதும். அதை ஆங்கிலத்தில் எழுதி, மூன்று குடும்பச் சொற்களையும் மூன்று நிறத்தில் அடிக்கோடிடுங்கள். தமிழில் அவை எங்கே ஒளிந்திருந்தன என்று தேடுங்கள். துணைவினைக்குப் பின் வரும் வினை மூல வடிவத்திலேயே நிற்கும், "ஷீ கேன் ஸ்பீக்" என்பதில் "எஸ்" ஒட்டாது, நடுவில் "டு" வராது என்பவையெல்லாம் விதி ஒப்புவிக்காமலே கைக்குப் பழகிவிடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இடைவெளி நிரப்பும் பயிற்சியில் ஒரு கோட்டுக்கு ஒரு சொல் போட்டுப் பத்துக்குப் பத்து எடுக்கும் பிள்ளை, கடிதம் எழுதும்போது திணறுவது ஏன் என்று பார்க்க வேண்டும். அங்கே எந்த இடத்தில் கோடு போட வேண்டும் என்பதையே அவள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த மூன்று அலகுகளையும் முடித்தபின் ஒரு மருந்துக் குறிப்பு, ஓர் அறிவித்தல், ஒரு விடுமுறைக் கடிதம் என்று மூன்றும் சேர்ந்து வரும் வாசகங்களை வகுப்புக்குக் கொண்டுவந்தால் நல்லது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது, ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நீங்கள் உதவலாம் என்பது. பிள்ளை ஓர் ஆங்கில வாக்கியத்தை வாசித்தால், "எது மகள்? கட்டாயமா, செய்யலாமா? எத்தனை மணிக்குள்?" என்று தமிழில் கேளுங்கள். அவள் மீண்டும் ஒருமுறை அந்த வாக்கியத்தைப் பார்ப்பாள். அதுதான் பாடம். பிள்ளை பேசும்போது ஒரு "த" விடுபட்டதற்காக அடுத்தவர் முன் சிரிக்காதீர்கள். ஏளனத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு எந்தச் சொல்லும் பழகாது.

கடைசியாக இன்னொரு சின்னச் சொல். "ஐ நோ லிட்டில் இங்கிலிஷ்" என்றால் எனக்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது என்று பொருள். பேச்சு அத்தோடு முடிந்தது. "ஐ நோ ஏ லிட்டில் இங்கிலிஷ்" என்றால் கொஞ்சம் தெரியும் என்று பொருள், மேலே பேசலாம். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. நம் பிள்ளைகளில் அநேகர் இரண்டாவது வாக்கியத்துக்குச் சொந்தக்காரிகள். அந்த "ஏ"யை விடாமல் சொல்லப் பழகட்டும்.